கணவாய் அலகைப் பார்த்து அது தின்றதைச் சொல்ல முடியுமா? அம்மோனைட்டுக்கும் இது செல்லுமா?

கேட்டவர், 4 ஜூலை, இரவு 9.12

கூரான கொக்கி அலகு என்றால் மீன் தின்னி. தடித்து மழுங்கியிருந்தால் ஓடு உடைப்பது. மண்வெட்டி மாதிரி அகலமாக இருந்தால் மிதவை உயிரிகளை அள்ளுவது. பறவைகளை இப்படித்தானே பிரிக்கிறோம்? தலைக்காலிகளுக்கும் (கணவாய், ஆக்டோபஸ் இனம்) இதையே வைத்துக்கொண்டால், ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன தலைக்காலியான அம்மோனைட் என்ன தின்றது என்ற கேள்வியே முடிந்துவிடுமே. இன்னும் எதற்கு இழுபறி?

5 ஜூலை, காலை 6.40

பறவைக் கணக்கு இங்கே பாதி தூரம்தான் வரும். பறவைக்குக் கத்தி, இடுக்கி, பாக்குவெட்டி எல்லாமே அலகுதான். தலைக்காலியின் வாய் வேலையை நாலு உறுப்புகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. பிடிப்பது கைகளும் உறிஞ்சிகளும். வெட்டுவது அலகு. வெட்டியதை உள்ளே இழுப்பது ராடுலா என்கிற பல்வரிசை நாக்கு. நஞ்சும் செரிமான நொதியும் உமிழ்நீரில் வருகின்றன. எந்த இனத்தில் எந்த உறுப்பு அதிகச் சுமை தூக்குகிறது என்று தெரியாமல் அலகை மட்டும் வைத்து இரையைச் சொன்னால் தவறிப்போகும்.

இன்னொன்று. கிளிமூக்கு என்று பேச்சுக்குச் சொல்கிறோம். ஆனால் கிளிக்கு மேலலகு கீழலகை மூடிக்கொண்டு நிற்கும். கணவாய்க்குத் தலைகீழ்: கீழலகு வெளியே, மேலலகு அதற்குள்ளே போய் உட்காரும். இரண்டுக்கும் நடுவே எலும்பு மூட்டு மாதிரி எதுவும் கிடையாது. இரண்டு அலகுகளையும் சேர்த்துப் பிடிப்பது தசை. கடிக்கும்போது சுழலும் இடமும் நிலையாக இருக்காது, நகர்ந்துகொண்டே இருக்கும். ஆக்டோபஸில் இதை 2005இல் உயெனோவும் கியரும் விரிவாகக் காட்டினார்கள். மேலே உள்ள பெரிய தசை அலகை மூடுகிறது. பக்கத் தசைகள் திறக்க உதவுகின்றன, அலகு தள்ளாடாமலும் பிடித்துக்கொள்கின்றன. ஆகவே கத்தரிக்கோல் கணக்கில் நெம்புகோல் நீளம் அளந்து கடியின் வலுவைச் சொல்வது இங்கே நேராகப் பொருந்தாது. கத்தரிக்கோலுக்கு ஆணி ஒரே இடத்தில் இருக்கும், இங்கே ஆணியே இல்லை.

5 ஜூலை, காலை 7.05

முக்கியமானது விட்டுப்போயிற்று. தொண்டை.

தலைக்காலியின் உணவுக்குழாய் மூளையின் நடுவே துளைத்துக்கொண்டு போகிறது. மூளை அதைச் சுற்றி வளையமாக உட்கார்ந்திருக்கிறது. பெரிய துண்டாக விழுங்க வழியே இல்லை. மீனோ நண்டோ இறாலோ, எதைப் பிடித்தாலும் பொடிப்பொடியாக நறுக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வெளியிலேயே கரைத்து உறிஞ்ச வேண்டும். இந்தக் கட்டாயம் ஏறக்குறைய எல்லாத் தலைக்காலிகளுக்கும் பொது. அலகுகள் பார்க்க ஒரே சாயலில் இருப்பதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன். "இது என்ன தின்கிறது" என்பதைவிட "நறுக்குகிற வேலையில் அலகின் பங்கு எவ்வளவு" என்று கேட்டால் வடிவம் ஒழுங்காகப் பதில் சொல்கிறது.

5 ஜூலை, இரவு 10.20

மேலே சொன்னதற்கு உதாரணங்கள்.

ஊசிக்கணவாய்: அலகு நுனி நீண்டு கூராக இருக்கும், தாடை முடுக்கு (வெட்டும் விளிம்பு முடிந்து இறக்கை தொடங்கும் மூலை) தெளிவாகத் தெரியும். மீனைப் பிடித்ததும் தலைக்குப் பின்னால் கடித்துத் தண்டுவடத்தை அறுத்துவிடும். பிறகு சதையைச் சிறு சிறு கடிகளாக எடுக்கும். தலை, முள், குடல் பெரும்பாலும் கீழே விழுந்துவிடும். இங்கே நறுக்குகிற வேலை முழுக்க அலகுக்கு. கூர்மைக்குக் காரணம் தெளிவு.

ஓட்டுக்கணவாய்: அலகு அதைவிடக் குட்டை, உறுதி. இறால், நண்டு, மீன் எல்லாம் தின்னும். நண்டைப் பின்பக்கமாகப் பிடித்து, கால் சேரும் இடத்தில் கடித்து நஞ்சைச் செலுத்தும். ஓட்டை அப்படியே நொறுக்கித் தின்னும் என்று நினைக்க வேண்டாம்.

பேய்க்கணவாய், அதாவது ஆக்டோபஸ்: நுனி குட்டை, மழுங்கல். கேட்டவரின் கணக்குப்படி இது ஓடு உடைப்பதாக இருக்க வேண்டும். சிப்பியையும் நண்டையும் அது தின்பது உண்மைதான், ஆனால் அலகால் ஓட்டை உடைத்தல்ல. சிப்பியை முதலில் கைகளால் இழுத்துத் திறக்கப் பார்க்கும். திறக்காவிட்டால் ராடுலாவாலும், உமிழ்நீர்க் குழாய் முடிகிற சிறு முனையில் உள்ள பற்களாலும் துளை போடும். துளை வெளியே ஒரு மில்லிமீட்டர் அளவில் நீள்வட்டமாக இருக்கும், உள்ளே போகப் போகக் குறுகும். அதன் வழியே நஞ்சு போகும், மூடுதசை தளரும், சிப்பி திறக்கும். நண்டென்றால் மூட்டுச் சவ்விலோ கண்ணிலோ செலுத்தும். நொதி உள்ளே சதையைக் கழற்றிவிடும், ஓடு ஏறக்குறைய முழுசாக வெளியே விழும். ஆக அலகு மழுங்கியிருப்பதற்கு, கடினமான இரை என்பதைவிட, வேலையின் பெரும்பங்கை வேறு உறுப்புகள் எடுத்துக்கொண்டது என்பதே நல்ல விளக்கம்.

இந்த நீள்வட்டத் துளை கல்லிலும் நிற்கும். ஏறத்தாழ 7.5 கோடி ஆண்டு பழைய தெற்கு டகோட்டாச் சிப்பிகளில் ஆக்டோபஸ் போட்ட துளைகளை 2021இல் கிளாம்ப்மேக்கரும் லேண்ட்மனும் விவரித்தார்கள். அலகு கிடைக்கவில்லை, உடல் கிடைக்கவில்லை, சாப்பிட்ட விதம் மட்டும் கிடைத்திருக்கிறது.

6 ஜூலை, காலை 6.15

நேற்றைய பட்டியலுக்கு இரண்டு கடைக்கோடிகள்.

இடியோசெபியஸ், விரல்நுனி அளவுக் கணவாய். இறாலைப் பிடித்துக் கடித்து நொதியைச் செலுத்தி உள்ளே கரைத்து உறிஞ்சும். முடிந்ததும் இறாலின் வெற்றுக் கூடு முழுதாக மிதக்கும். அலகின் பங்கு ஒரு ஊசித் துளை.

ஆழ்கடல் துடுப்பு ஆக்டோபஸ்கள். ராடுலா தேய்ந்து போயிருக்கும், அல்லது இல்லவே இல்லை. சிறு ஓடுடையவற்றை அப்படியே விழுங்கும். இரை தொண்டையைவிடச் சிறிதாக இருந்தால் நறுக்குகிற கட்டாயமே போய்விடுகிறது.

கேட்டவர், 6 ஜூலை, மதியம் 1.30

சந்தையில் வாங்கும் கணவாயில் இதை எடுத்துப் பார்க்க முடியுமா? சமைக்கும்போது அந்தக் கருப்புப் பல்லைப் பிடுங்கித் தூரப் போடுகிறோம்.

6 ஜூலை, இரவு 9.50

தாராளமாக. உடல் 15 செ.மீ.க்கு மேல் உள்ள கணவாயாக எடுங்கள், சிறிதில் இறக்கைப் பகுதி (அலகிலிருந்து தசைக்குள் விரியும் மெல்லிய தகடு) கண்ணாடி மாதிரி இருக்கும், கிழிந்துவிடும்.

கண்களுக்கு முன்னால், கைகள் சேரும் இடத்தில் தலையை அறுத்து, கை வளையத்தைப் பின்பக்கமிருந்து பிதுக்கினால் கோலிக்குண்டு மாதிரி ஓர் உருண்டை வெளியே வரும். அதுதான் வாய் உருண்டை. அதற்குள் இரண்டு அலகும் ராடுலாவும் இருக்கும். அலகைப் பிடித்து இழுக்காதீர்கள், இறக்கை கிழியும். உருண்டையை அப்படியே தண்ணீரில் போட்டு, மூடி, குளிர்பெட்டியில் மூன்று நாலு நாள் வையுங்கள், நாள்தோறும் தண்ணீரை மாற்றுங்கள். தசை இளகி வழுக்கிக்கொண்டு கழன்றுவிடும். மிச்சத்தை மென்மையான தூரிகையால் தள்ளுங்கள். நாற்றம் வரும், பால்கனியில் செய்யுங்கள்.

செய்யக் கூடாதவை: பிளீச்சிங் திரவம் வேண்டவே வேண்டாம், அலகின் புரதத்தையே அரித்துவிடும். காரச் சோடாவில் கொதிக்க வைத்தால் புரதம் போய்க் கைட்டின் (நண்டு, பூச்சி ஓட்டில் உள்ள பொருள்) மட்டும் மிஞ்சும், உருவம் சுருங்கும். வெயிலில் காய வைக்காதீர்கள். 70 சதவீத எத்தனாலில் வைத்தால் போதும்.

அளப்பது: ஊசிக்கணவாயில் கீழலகின் நுனியிலிருந்து தாடை முடுக்கு வரையுள்ள நேர்கோட்டு நீளம். வெர்னியர் அளவுகோலின் உள்தாடையை முடுக்கில் உட்கார வைத்து நுனியை மற்ற தாடைக்குக் கொண்டுவர வேண்டும். ஆக்டோபஸில் முடுக்கு தெளிவில்லாததால் கீழலகின் முன்மூடியின் (hood) நீளத்தை எடுப்பார்கள். மால்கம் கிளார்க் 1986இல் ஒழுங்குபடுத்தித் தந்த முறை இது.

7 ஜூலை, காலை 5.55

காய வைக்காதீர்கள் என்றதற்குக் காரணம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அந்தக் காரணம்தான் இந்தக் கேள்வி முழுவதற்கும் உயிர்.

கணவாய் அலகில் சுண்ணாம்பு கிடையாது. முழுக்கக் கைட்டினும் புரதமும் தண்ணீரும். ஹம்போல்ட் கணவாயின் அலகை 2008இல் மிசெரெஸ், வெய்ட், ஸோக் குழு அளந்தார்கள். கரிய நுனிக்கும் தசைக்குள் புதைந்திருக்கும் வெளிர் இறக்கைக்கும் விறைப்பில் ஏறத்தாழ 100 மடங்கு வித்தியாசம். நுனியில் புரதம் பின்னிப்பிணைந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. இறக்கையில் தண்ணீர்தான் பெரும்பகுதி, ஜெல்லி மாதிரி. சதைக்குள் பதிந்த கத்தி, பிடிப்பகுதியும் கத்தி மாதிரியே விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு கடியிலும் தன் சதையையே கிழித்துக்கொள்ளும். அதனால்தான் விறைப்பு படிப்படியாகக் குறைகிறது.

இப்போது காய வைத்தால் என்ன ஆகும்? தண்ணீர் போனதும் இறக்கையும் நுனியளவுக்கு விறைத்துவிடும். அதோடு வளைந்து சுருண்டுகொள்ளும், சில நாளில் விரிசல் விடும். அருங்காட்சியகத் தட்டில் காய்ந்து கிடக்கும் அலகை முப்பரிமாணத்தில் படமெடுத்து வடிவத்தை ஒப்பிட்டால், ஒப்பிடுவது உணவையா காய்ந்த விதத்தையா என்று தெரியாமல் போகும். நுனியையும் முடுக்கையும் நம்பலாம், இறக்கை விளிம்பை நம்பவே கூடாது.

7 ஜூலை, காலை 6.30

நுனியையும் முழுசாக நம்பாதீர்கள், மேலே அவசரப்பட்டு எழுதிவிட்டேன். நுனி தேயும். ஆக்டோபஸ் அலகில் நாள் வளையங்களை எண்ணி வயது பார்க்கிறார்கள். நுனியை நெடுக அறுத்து எண்ணினால், தின்று தின்று தேய்ந்த வளையங்கள் கணக்கில் விடுபடும், வயது குறைவாக வரும். பக்கச்சுவரின் உள்பரப்பு தேய்வதில்லை, அங்கே எண்ணுவது மேல். ஆக மழுங்கிய நுனியைப் பார்த்ததும் கேட்க வேண்டியது: பிறவியிலேயே மழுங்கலா, தின்று மழுங்கியதா? ஒரே இனத்தின் சிறிய குட்டி அலகைப் பக்கத்தில் வைத்தால் பாதி பதில் கிடைத்துவிடும்.

கேட்டவர், 7 ஜூலை, இரவு 8.05

அப்படியானால் அம்மோனைட்? ஆப்டைக்கஸ் என்பது அலகே இல்லை, ஓட்டு வாயை மூடும் மூடி என்றும் படித்தேன்.

8 ஜூலை, காலை 6.00

ஆப்டைக்கஸ் என்றால் அம்மோனைட்டோடு ஜோடியாகக் கிடைக்கும் இரண்டு கால்சைட் (சுண்ணாம்புக் கனிமம்) தகடுகள், ஒவ்வொன்றும் ஒரு சிப்பி ஓட்டின் பாதி மாதிரி. ஹெர்மன் வோன் மேயர் 1831இல் பெயரிட்டார். நெடுங்காலம் மூடி என்றே எண்ணினார்கள், ஏனென்றால் பல அம்மோனைட்டுகளில் அது ஓட்டு வாயின் அளவுக்கும் வடிவத்துக்கும் அப்படியே பொருந்துகிறது.

உல்ரிக் லேமன் 1967 முதல் கல்லைத் துளித்துளியாகத் தேய்த்து ஒவ்வொரு அடுக்காகப் பார்த்தார். எலிகான்டிசெராஸ் என்ற அம்மோனைட்டில் அந்தத் தகடுகளுக்கும் சிறிய மேலலகுக்கும் நடுவே ராடுலா இருந்தது. கால்சைட்டுக்கு அடியில் கரிய கரிமப் படலம், இரண்டு தகடும் அந்த ஒரே படலத்தின் மேல் உட்கார்ந்திருந்தன. அதாவது அது நடுவில் மடியும் ஒரே கீழலகு, மேலே சுண்ணாம்புப் பூச்சு. ராடுலா நடுவில் இருக்கும்போது மூடி மட்டும்தான் என்று வாதிட இடமில்லை.

கீழலகு பெரியது, முன்விளிம்பு மழுங்கல், கொக்கி இல்லை. மேலலகு சிறியது, மெல்லியது. கணவாயின் வெட்டும் ஜோடிக்கு இது சாயலே இல்லை. சதையை அறுக்கத் தோதில்லாத வாய். உங்கள் மண்வெட்டிக் கணக்கு இந்த இடத்தில் நிஜமாகவே நெருங்கி வருகிறது, ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொரு செய்தி: அம்மோனைட் ஓடு அரகோனைட், ஆப்டைக்கஸ் கால்சைட். இரண்டும் சுண்ணாம்புதான், படிக அமைப்பு வேறு. ஆழக் கடலில் அரகோனைட் முதலில் கரைந்துவிடும், கால்சைட் நிற்கும். ஆல்ப்ஸில் ஆப்டைக்கஸ் சுண்ணாம்புக்கல் என்றே ஒரு பாறை உண்டு, ஓடில்லாமல் அலகு மட்டும் குவிந்து கிடக்கும்.

8 ஜூலை, இரவு 10.40

நேரடிச் சான்று. பேக்குலைட்டிஸ் என்ற நேர்க்கோல் அம்மோனைட், தெற்கு டகோட்டா. பிரான்சின் கிரெனோபிளில், சிங்க்ரோட்ரான் என்ற வலுவான எக்ஸ்ரே கருவியில் கல்லை உடைக்காமலே படமெடுத்து, 2011இல் இசபெல் க்ருட்டா குழு வெளியிட்டது. அலகுகளுக்கு நடுவே ராடுலா முழுசாக இருந்தது, மிக உயரமான பல் ஏறத்தாழ 2 மி.மீ. ஒன்றின் வாயிலேயே இரை மிச்சம் இருந்தது: ஒரு பொடி நத்தை, மூன்று பொடி ஓட்டுடலிகள் (இறால், நண்டு இனம்), அவற்றில் ஒன்று இரண்டாக வெட்டுப்பட்டது. மிதவை உயிரி தின்றது என்பதற்கு இதைவிடக் கிட்டத்தில் போய்ப் பார்க்க முடியாது. ஆனால் அந்த ஒன்று வெட்டுப்பட்டிருந்ததைக் கவனியுங்கள். இது அள்ளி விழுங்கும் வாய் மட்டுமல்ல, கொஞ்சம் நறுக்கவும் செய்தது.

ராடுலா வரிசையில் அம்மோனைட்டுக்கு 9 உறுப்பு, இன்றும் வாழும் சுருள் ஓட்டுத் தலைக்காலியான நாட்டிலஸுக்கு 13. ஓடு நாட்டிலஸ் மாதிரி, வாய்க்குள் கணவாய்ப் பக்கம்.

9 ஜூலை, காலை 6.20

எல்லா அம்மோனைட்டும் மிதவை உயிரி தின்னி என்று யாரும் எடுத்துக்கொண்டு போய்விட வேண்டாம். நாட்டிலஸிலிருந்து தொடங்குகிறேன்.

நாட்டிலஸ் அலகு நுனியில் சுண்ணாம்பு உண்டு. மேலே உள்ள முனை ரிங்கோலைட், அம்புமுனை மாதிரி. கீழே உள்ளது கான்கோரிங்க், அதில் சிறு பற்கள் வரிசையாக உண்டு. செத்தது, துறவி நண்டு, பெரிய இறால்கள் கழற்றிப் போட்ட சட்டை எல்லாம் அதன் இரைப்பையில் கிடைத்திருக்கின்றன. மொறுமொறுவென்றிருக்கும் ஓட்டை நொறுக்கி அறுக்க வேண்டிய வாய், அதற்குத் தக்க நுனி. ஜெர்மனியின் முஷெல்கால்க் பாறையில் கிடைக்கும் டிரையாசிக் (டைனோசர்கள் தோன்றிய காலம்) ரிங்கோலைட்டுகள் நாட்டிலஸ் உறவினருடையவை. ஆகவே எங்கே ரிங்கோலைட் கிடைத்தாலும் நாட்டிலஸ் வகை என்று குறித்துக்கொள்ளலாம்.

9 ஜூலை, மாலை 5.45

காலையில் எழுதியதன் கடைசி வாக்கியம் தவறு, அடித்துவிடுங்கள். 1980இல் தனபேயும் மற்றவர்களும் கிரெட்டேசியஸ் (டைனோசர்களின் கடைசிக் காலம்) அம்மோனைட்டுகளிலும் சுண்ணாம்பு நுனி இருப்பதைக் காட்டினார்கள்: காட்ரிசெராஸ், டெட்ராகொனைட்டிஸ், அப்புறம் பில்லோசெராஸ் குடும்பத்தில். ஓட்டோடு சேர்ந்து கிடைத்தால்தான் யாருடையது என்று உறுதியாகச் சொல்லலாம். தனியாகக் கிடைத்த கிரெட்டேசியஸ் ரிங்கோலைட்டுக்குச் சும்மா நாட்டிலஸ் என்று சீட்டு ஒட்டக் கூடாது.

இதனால் வாதமும் மாறுகிறது. ஒரே காலத்தில், ஒரே கடலில், ஒரு அம்மோனைட் குடும்பம் மண்வெட்டி வாயோடும் இன்னொன்று நாட்டிலஸ் மாதிரி வெட்டு வாயோடும் இருந்தன. "அம்மோனைட் என்ன தின்றது" என்ற கேள்வியே ஒருமையில் கேட்கக் கூடாத கேள்வி.

நம்மூரோடு நேரடித் தொடர்பு உண்டு. திருச்சிப் பக்கத்து ஊட்டத்தூர்ப் பாறைகளில் காட்ரிசெராஸின் நெருங்கிய உறவு அனகாட்ரிசெராஸ் கிடைக்கிறது. புதுச்சேரிப் பாறைகளிலிருந்து 1846இல் ஃபோர்ப்ஸ் பெயரிட்ட நேர்க்கோல் அம்மோனைட், இன்று யூபேக்குலைட்டிஸ் வஜைனா, டகோட்டா பேக்குலைட்டிஸின் குடும்பம். வெட்டு வாய்க்காரரும் அள்ளு வாய்க்காரரும் இரண்டு பக்கமும் இங்கே இருக்கிறார்கள்.

கேட்டவர், 9 ஜூலை, இரவு 9.30

வயிற்றில் என்ன இருந்தது என்று பார்த்தால் போதாதா? வடிவத்தை ஏன் நம்ப வேண்டும்?

10 ஜூலை, காலை 6.10

வயிறும் ஏமாற்றும். ஜெர்மனியின் சோல்ன்ஹோஃபன் அம்மோனைட்டுக்குள் சக்கோகோமா என்ற மிதக்கும் கடல் அல்லியின் துண்டுகள், ஹார்போசெராஸ் என்ற அம்மோனைட்டுக்குள் ஓட்டுடலிகளின் துண்டுகள் கிடைத்திருக்கின்றன, சரி. ஆனால் செத்த அம்மோனைட்டின் காலி ஓட்டுக்குள் நண்டினங்கள் போய்க் குடியிருந்ததற்கும் சான்று உண்டு. முழு உருவமாக, கால் மடக்கி உட்கார்ந்திருந்தால் குடியிருப்பு. பொடியாக நறுங்கி, ஓட்டின் உள்பக்கம் ஒரே திட்டாகக் குவிந்திருந்தால் இரை. தொண்டை சின்னது என்பதை மறக்காமல் பாருங்கள்: துண்டு பெரிதாக இருந்தால் அது தொண்டை வழியே போனதல்ல.

உயிருள்ளவற்றிலும் இதே சிக்கல். எண்ணெய்த் திமிங்கில வயிற்றில் கணவாய் அலகுகள் ஆயிரக்கணக்கில் கிடைக்கும், அதன் குடலில் உருவாகும் மெழுகு போன்ற அம்பர் கட்டியிலும் பதிந்திருக்கும், கைட்டின் செரிக்காது என்பதால். ஆனால் திமிங்கிலம் விழுங்கிய பெரிய கணவாயின் வயிற்றில் ஏற்கனவே இருந்த சிறு கணவாயின் அலகும் அந்தக் குவியலில் சேர்ந்துவிடும்.

10 ஜூலை, இரவு 11.00

மூடி விஷயத்தில் ஒரு திருத்தம். 8ஆம் தேதி மூடி மட்டும்தான் என்பதை மறுத்தேன், அதில் மாற்றமில்லை. ஆனால் மூடியாகவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. லேமனும் குலிட்ஸ்கியும் 1990இல் இரண்டு வேலையும் செய்திருக்கலாம் என்று வாதிட்டார்கள். ஆஸ்பிடோசெராஸ் என்ற அம்மோனைட்டின் ஆப்டைக்கஸ் கனமானது, துளைகள் நிறைந்தது. வெறும் மிதவை உயிரியை அள்ள இவ்வளவு சுண்ணாம்பு எதற்கு? அதே காலத்து ஒப்பீலியா வகையின் தகடு மெல்லியது, வரிவரியானது. கனத்த வகையில் காப்பு வேலை கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. அதனால் அந்தத் தடிமனை "கடினமான இரை" என்று படிக்க மாட்டேன்.

11 ஜூலை, காலை 6.25

இரத்தக்காட்டேரிக் கணவாயை விட்டுவிட்டேன். அலகும் உண்டு, ராடுலாவும் உண்டு. தின்பது கடல்பனி, மேலிருந்து உதிரும் செத்த துணுக்குகள். நீண்ட இழையால் பிடித்து, சளியில் உருட்டித் தின்கிறது என்று 2012இல் ஹோவிங்கும் ராபிசனும் நீர்மூழ்கிப் படங்களோடு காட்டினார்கள். அங்கே உணவைச் சொன்னது இழை.

கேட்டவர், 11 ஜூலை, இரவு 8.50

கடைசியாக ஒன்று. உருண்டைக் கல்லுக்குள் அம்மோனைட் இருக்கிறது, அலகு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

12 ஜூலை, காலை 6.00

தேட வேண்டிய இடம் ஓட்டின் கடைசி அறை, விலங்கு குடியிருந்த பகுதி. அறைச்சுவர்களின் மடிப்புக் கோடுகள் முடிந்த பிறகு வருவது. ஓட்டு வாயிலேயே நின்றுவிடாதீர்கள், செத்த பிறகு அலகு உள்ளே சரிந்து கிடப்பது சகஜம்.

விளிம்பை நனைத்து, சாய்வெளிச்சத்தில் பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். கரிய, பளபளப்பான, மெல்லிய கோடு வளைந்து போனால் அது கரிமப் படலமாக இருக்கலாம். அதன் வெளிப்பக்கம் வெள்ளைக் கோடு ஒட்டியிருந்தால் ஆப்டைக்கஸ். கரிய கோட்டின் முனையில் மட்டும் வெள்ளைத் திட்டு தடித்து இருந்தால் சுண்ணாம்பு நுனி வகை. கோடு தெரிந்த இடத்தில் உளியை நிறுத்திவிடுங்கள், அமிலத்தைப் பக்கத்திலேயே கொண்டுவராதீர்கள், கால்சைட் போய்விடும். சி.டி. படம் எடுக்க முடிகிற இடத்துக்குக் கல்லை அப்படியே கொடுங்கள். ராடுலாப் பற்கள் அந்த இரண்டு கோட்டுக்கும் நடுவில்தான் இருக்கும், உளியின் ஒரே தட்டில் தூளாகிவிடும்.